தூக்குமேடைக்கு ஏணி கொண்டுபோன ஊர்

பூலாம்பாறைக்காரர்களைப் படைக்கும்போது சாமி நல்ல மனசைக் கொடுத்தார், நல்ல பசியைக் கொடுத்தார், படுத்ததும் வருகிற தூக்கத்தையும் கொடுத்தார். இன்னும் ஒன்று கொடுக்க வேண்டியிருந்தது. அதை எடுத்துவர உள்ளே போனவர், அங்கே வேறு ஏதோ வேலையில் மறந்துவிட்டார் போலிருக்கிறது. இவர்களும் நல்ல மனசுக்காரர்கள் ஆனபடியால், போய்க் கேட்டு அவரைத் தொந்தரவு செய்யவில்லை.

ஒரு தை மாசம், பொங்கல் கழிந்த கையோடு, அந்த ஊருக்குப் பட்டணத்திலிருந்து படம் எடுக்கிறவர்கள் நாலு வண்டியில் வந்து இறங்கினார்கள். அப்போதெல்லாம் படம் பேசாது. திரையில் ஆட்கள் வருவார்கள், போவார்கள், வாயை அசைப்பார்கள். சத்தம் மட்டும் வராது. அந்தக் குறை தீரத் திரைக்குப் பக்கத்தில் ஒருவர் நின்றுகொண்டு, "இதோ ராஜா கோபமாக வருகிறார், இதோ ராணி மயங்கி விழுகிறாள்" என்று சொல்லிக்கொண்டே இருப்பார்.

எடுக்க வந்தது சடைமாயன் கதை. அந்தப் பக்கத்தில் சடைமாயனைத் தெரியாதவர்கள் கிடையாது. அரண்மனைக் களஞ்சியத்தை உடைத்து நெல்லை ஏழைகளுக்கு வாரிக் கொடுத்த கள்வன். குதிரையோடு ஆற்றைத் தாண்டினவன். கடைசியில் பிடிபட்டுத் தூக்கில் தொங்கினவன்.

சடைமாயனாக நடிக்கப் பட்டணத்திலிருந்து வந்த நடிகர் குதிரையின் இந்தப் பக்கம் ஏறி அந்தப் பக்கம் இறங்கினார். குதிரை அதுவரை ஓர் அடிகூட எடுத்து வைக்கவில்லை. கால் வீங்கிப்போனவரை வண்டியில் படுக்கப்போட்டு அனுப்பிவிட்டார்கள். டைரக்டர் ஏகாம்பரம் தலையில் கை வைத்து உட்கார்ந்தார். கை வைத்தபடியே நிமிர்ந்தபோது, எதிரே வெற்றிலைக் கூடையோடு ஒரு மீசை போய்க்கொண்டிருந்தது.

அந்த மீசைக்குப் பின்னால் இருந்தவர் செவந்தியப்பன். கொடிக்காலில் வெற்றிலை கிள்ளுகிறவர். மீசை மட்டும்தான் அப்படி. ஆள் பிறத்தியார் செடியில் ஒரு மிளகாய்கூடக் கிள்ளாதவர். அவர் பெண்டாட்டி சீனியம்மாள். விடிந்தால் பேச்சியம்மனுக்கு ஒரு கும்பிடு, அடைந்தால் ஒரு கும்பிடு. மகன் கொழுந்துவேலுக்கு இருபத்தாறு வயசு. இருபத்திரண்டு வயசு மகள் செண்பகம் பக்கத்து ஊரில் வாழ்க்கைப்பட்டு இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். சீனியம்மாளுக்கு வாழ்க்கையில் ஒரு குறையும் இல்லை. ஏகாம்பரம் வருகிறவரைக்கும் இல்லை.

"நான் சடைமாயனா?" என்று கேட்டார் செவந்தியப்பன்.

"ஆமாம்."

"அப்ப சடைமாயன் கோவிச்சுக்கிட மாட்டாரா?"

"அவர் செத்து நூறு வருஷம் ஆச்சு."

"அது சரி" என்று ஒப்புக்கொண்டார் செவந்தியப்பன். சொல் கொடுத்தாயிற்று.

ஊர்க்காரர்கள் எல்லாருக்கும் குடிமக்கள் வேஷம். ஏகாம்பரம் கோயில் முன்னால் அவர்களை நிறுத்தி, படம் பிடிக்கிற பெட்டியைக் காட்டிச் சொன்னார்: "என்ன நடந்தாலும் சரி, இந்தப் பெட்டியை மட்டும் யாரும் பார்க்கக் கூடாது."

மறுநாளிலிருந்து ஊரில் பெட்டி இருக்கிற தெருவில் நடக்கிறவர்கள் எல்லாரும் ஒரு கையால் கண்ணைப் பொத்திக்கொண்டு நடந்தார்கள். இரண்டு பேர் வாய்க்காலில் விழுந்தார்கள். கோயில் காளை வந்து பெட்டியின் மேல் போட்டிருந்த கறுப்புத் துணியை நிதானமாகத் தின்றது. பெட்டிக்காரர் குளிக்கப் போயிருந்தார். ஊரே சுற்றி நின்றது. ஒருவரும் பார்க்கவில்லை.

"காளை திங்கிறது தெரியலையா உங்களுக்கு?" என்று கத்தினார் ஏகாம்பரம்.

"மெல்லுற சத்தம் கேட்டுது ஐயா" என்றார் தவசிலிங்கம். "ஆனா, சொன்ன சொல்லை மீறலாமா?"

தவசிலிங்கம் அந்த ஊரில் விவரம் தெரிந்தவர். மதுரைக்குப் போய் வந்தவர். போய்ச் சேர்ந்தது இருட்டின பிறகு, கிளம்பினது விடிவதற்கு முன்னால். ஆகையால் மதுரையில் எப்போதும் இருட்டாகவே இருக்கும் என்று எல்லாருக்கும் எடுத்துச் சொல்லுவார்.

அடுத்து, களஞ்சியத்தை உடைக்கிற காட்சி. ஊர் நாட்டாமை வன்னிமுத்துவுக்குக் காவல்காரர் வேஷம். "நீங்க வாசல்ல படுத்துத் தூங்கணும். நானா வந்து எழுப்புற வரைக்கும் எழுந்திரிக்கக் கூடாது" என்றார் ஏகாம்பரம். நாட்டாமைக்கு இது பிடித்திருந்தது. படுத்தார்.

செவந்தியப்பன் வந்தார். களஞ்சியக் கதவைத் தட்டினார். ஒருவரும் வராததால் குனிந்து நாட்டாமை காதில், "அண்ணாச்சி, ஒரு மூட்டை எடுத்துக்கிடட்டுமா?" என்று கேட்டார்.

"திருடுறவன் கேட்பானாய்யா?" என்று அலறினார் ஏகாம்பரம்.

"கேட்காம எடுத்தா தப்பு இல்லீங்களா?"

ஏழு தடவை எடுத்தார்கள். எட்டாவது தடவை செவந்தியப்பன் மனசுக்குள்ளேயே அனுமதி கேட்டுக்கொண்டு மூட்டையைத் தூக்கினார். ஏகாம்பரம் சந்தோஷத்தில் ஆட்களைக் கூட்டிக்கொண்டு சாப்பிடப் போனவர், நாட்டாமையை எழுப்ப மறந்துபோனார். நாட்டாமை சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். மறுநாள் ஒரு வரப்புத் தகராறு வந்தது. ஊரே களஞ்சிய வாசலுக்குப் போய்ச் சுற்றி உட்கார்ந்தது. நாட்டாமை கண்ணை மூடிப் படுத்தபடியே தீர்ப்புச் சொன்னார். கண் திறந்திருந்த நாட்களில் சொன்னதைவிட அது நன்றாக இருந்ததாக இரண்டு கட்சிக்காரர்களும் சொன்னார்கள்.

இதெல்லாம் சீனியம்மாளுக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது. கிணற்றடியில் ஒருத்தி, "நாளைக்கு உன் வீட்டுக்காரரைத் தூக்குல போடுறாங்களாமே, வேட்டி துவைச்சு வச்சிட்டியா?" என்று கேட்கிறவரைக்கும்.

குடத்தை அப்படியே வைத்துவிட்டு ஏகாம்பரத்திடம் ஓடினாள்.

"ஐயா, சடைமாயனுக்கு என்ன ஆகும்னு எங்களுக்குத் தெரியும். எங்க வீட்டுக்காரருக்கு என்ன ஆகும்?"

"ஒண்ணும் ஆகாதும்மா. நிஜக் கயிறு இடுப்புல கட்டியிருக்கும். கழுத்துல சும்மா ஒரு கயிறு. இங்கே அவர் சாகமாட்டார்."

"இங்கே சாகமாட்டார்னா?"

ஏகாம்பரத்துக்கு ஆயிரம் வேலை. "படத்துலதாம்மா சாவார்" என்று சொல்லிவிட்டுத் திரும்பினார்.

சீனியம்மாள் பின்னாலேயே ஓடினாள். "படம் எப்ப ஐயா வரும்?"

"ஆடி மாசம் சந்தைப்பேட்டைக் கொட்டகைக்கு வந்திடும்."

அவள் விரலை மடக்கினாள். ஆறு மாசம். வீட்டுக்கு வந்தாள். செவந்தியப்பன் மீசைக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார்.

"நாளைக்கு இல்லியாம். ஆடியிலதானாம்" என்றாள்.

"எது?"

"நீங்க சாகிறது."

செவந்தியப்பன் யோசித்தார். "ஆடியிலயா? ஆடிக் காத்துல கொடியெல்லாம் சாயுமே. யாரு இழுத்துக் கட்டுவா?"

அன்று சாயங்காலமே ஊர் கூடியது. ஏகாம்பரம் நாட்டாமையை எழுப்பிவிட்டிருந்தார்.

"நடிக்க மாட்டேன்னு சொல்லிட்டா என்ன?" என்று கேட்டாள் சீனியம்மாள்.

"எப்படித் தாயி சொல்ல முடியும்?" என்றார் தவசிலிங்கம். "களஞ்சியத்தை உடைச்சதைப் பெட்டியில பிடிச்சு வச்சிருக்கானே. சாட்சி அவன் கையில இருக்கு. திருடினவனைத் தூக்குல போடாம விட்டா நாளைக்கு அரண்மனைக்கு யாரு பயப்படுவா?"

எல்லாரும் ஆமாம் என்று தலையாட்டினார்கள். ஆறு மாசம் இருக்கிறதே, அம்மன் ஒரு வழி காட்டுவாள் என்று கலைந்தார்கள்.

மறுநாள் தூக்குமேடையில் செவந்தியப்பன் தொங்கினார். கீழே குடிமக்கள் கதற வேண்டும். குடிமக்கள் சிரித்த முகமாக நின்றார்கள்.

"அழுங்கய்யா! உங்களுக்காக உயிரை விடுறான்!" ஏகாம்பரத்துக்குத் தொண்டை கட்டிவிட்டது.

"ஆடியில அழுதுக்கிடுதோம் ஐயா" என்றார் தவசிலிங்கம். "இப்பவே அழுது தீர்த்துட்டா அன்னைக்குக் கண்ணுல தண்ணி இருக்காது."

மேலே தொங்கிக்கொண்டிருந்த செவந்தியப்பனும், "அவர் சொல்லுதது நியாயம்தானே ஐயா" என்றார். ஏகாம்பரம் அன்றைக்கே பெட்டியைக் கட்டிக்கொண்டு புறப்பட்டார். ஊர் எல்லை தாண்டுகிறவரைக்கும் அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

அதன் பிறகு அந்த ஆறு மாசம் செவந்தியப்பன் வாழ்ந்த வாழ்வை ஜமீன்தாரும் வாழ்ந்திருக்கமாட்டார். சாகப்போகிற மனுஷன், மனசில் எந்த ஆசையும் நிற்கக் கூடாது என்று வீட்டுக்கு வீடு முறை வைத்து ஆக்கிப் போட்டார்கள். திங்கட்கிழமை ஆப்பம், செவ்வாய்க்கிழமை அயிரை மீன் குழம்பு, புதன்கிழமை நாட்டாமை வீட்டுக் கோழி. சீனியம்மாள் அவரைக் கூடை தூக்கவிடவில்லை. கொழுந்துவேல்தான் கொடிக்காலைப் பார்த்துக்கொண்டான். செவந்தியப்பனுக்குக் கன்னம் உப்பியது, வயிறு முன்னே வந்தது, இடுப்பு அரைஞாண் இரண்டு தடவை மாற்றப்பட்டது.

"எப்படி இருக்கீரு, வே?" என்று கேட்பார்கள்.

"ஏதோ இருக்கேன், ஆடி வரைக்கும்" என்று சொல்லி ஏப்பம் விடுவார்.

சீனியம்மாள்தான் உருகினாள். தினமும் பேச்சியம்மன் வாசலில் நின்று, "தாயே, பொட்டும் பூவுமா என்னை நீ வச்சிருக்கே. இதைக் காப்பாத்திக் குடு. வேற ஒண்ணும் நான் கேட்கமாட்டேன்" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொள்வாள்.

ஆனிக் கடைசியில் சந்தைப்பேட்டையில் தமுக்கு அடித்தார்கள். சடைமாயன் படம் வெள்ளிக்கிழமை. பூலாம்பாறை மறுபடி கூடியது.

"யாருமே போகாம இருந்துட்டா?" என்றார் ஒருவர்.

நாட்டாமைக்குக் கோபம் வந்தது. "நம்ம ஊர்க்காரன் சாகும்போது பக்கத்துல ஒரு நாதி இல்லாம விடச் சொல்லுதீரா?"

"அப்ப, போய்க் காப்பாத்துவோம். தூக்குல போட்டதும் கயித்தை அறுத்துட்டா?"

"உயரமா இருக்குமே."

"ஏணி போடுவோம்."

"தூக்குமேடைக்குன்னு அங்கேயே ஏணி இருக்குமே."

"அது அரண்மனை ஏணி, வே. நமக்குத் தருவானா?" என்றார் தவசிலிங்கம். "நம்ம ஏணியே போகட்டும். அரிவாளும் நம்ம அரிவாளா இருக்கட்டும்."

"செவந்தியப்பனையும் கூட்டிட்டுப் போகணுமா?"

"அவன் இல்லாம யாரைக் காப்பாத்துறது?"

வெள்ளிக்கிழமை நாலு மைல் நடந்து போனார்கள். முன்னால் ஏணி, நடுவில் செவந்தியப்பன், பின்னால் ஊர். கொட்டகை வாசலில் இருந்தவர் ஏணியை மறித்தார்.

"இது எதுக்கு?"

"அதுவும் எங்க ஊருதான்" என்றார் நாட்டாமை. வாசல்காரர் அதற்கு மேல் கேட்கவில்லை. ஏணியை முன்வரிசையில் மணலில் படுக்க வைத்தார்கள். படம் தெரியட்டும் என்று யாரோ அதன் தலைமாட்டை ஒரு கல்லின் மேல் தூக்கி வைத்தார்.

நடுவில் ஒரு பெஞ்சின் மேல் மெஷின். அதன் கைப்பிடியைக் கையால் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். சுற்றச் சுற்றப் படம் ஓடும். மெஷின்காரர் சுற்றினார். திரையில் வெளிச்சம் வந்தது. பக்கத்தில் நின்ற கதை சொல்கிறவர் தொண்டையைச் செருமினார்.

"இதோ! வீராதி வீரன் சடைமாயன், தன் காதலி செங்கமலத்தை மணக்கிறான்!"

திரையில் செவந்தியப்பன் மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பட்டணத்து நடிகை, பவுடர் போட்டு, பளபளவென்று. செவந்தியப்பன் அவள் கழுத்தில் தாலி கட்டினார். மூன்று முடிச்சு. நிதானமாக.

சீனியம்மாள் மெதுவாகத் திரும்பிப் பக்கத்தில் பொரிகடலை தின்றுகொண்டிருந்த புருஷனைப் பார்த்தாள்.

"இது எப்ப நடந்துது?"

"நீ கோயிலுக்குப் போயிருந்த நேரத்துல" என்றார் செவந்தியப்பன், கடலையை மென்றபடி. "கதையை முன்கூட்டி யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு ஏகாம்பரம் ஐயா சொல்லியிருந்தார்."

"மூணாவது முடிச்சு நாத்தனார்தானே போடணும்? அதையும் நீங்களே போடுறீங்க?"

"அங்க எனக்குத் தங்கச்சி இல்லையாம்."

சீனியம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டாள். இன்னும் ஒரு நாழிகையில் சாகப்போகிறவர்மேல் என்ன கோபம் என்று பேச்சியம்மனை நினைத்துக்கொண்டாள். அம்மனை நினைத்தும் பல் விலகவில்லை.

படம் ஓடியது. கண்ணைப் பொத்திக்கொண்டு ஜனங்கள் தெருவில் போனார்கள். "அரண்மனையின் கொடுமையைக் காணச் சகியாமல் கண்ணைப் பொத்தும் குடிமக்கள்!" என்றார் கதை சொல்கிறவர். பூலாம்பாறைக்காரர்கள் தங்களைத் தாங்களே பார்த்துப் பெருமைப்பட்டார்கள். களஞ்சிய வாசலில் நாட்டாமை தூங்கினார். "எழுப்பாதீங்க!" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

சீனியம்மாள் திரையிலிருந்தவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தாங்கவில்லை. "பாருங்க, எவ்வளவு மெலிஞ்சிருக்காரு! ஆறு மாசமா ஊரே ஆக்கிப் போட்டுதே, அதுல ஒரு கவளம்கூட அவருக்குப் போய்ச் சேரலையே!"

"எனக்கும் அதான் வருத்தமா இருக்கு" என்றார் செவந்தியப்பன், வயிற்றைத் தடவிக்கொண்டு.

திரையில் அரண்மனைச் சேவகர்கள் வந்தார்கள். கையைக் கட்டினார்கள். மேடையில் ஏற்றினார்கள். கயிறு வந்தது.

"ஐயோ!" என்றார் கதை சொல்கிறவர். "துக்கம் எல்லை மீறி, அழவும் மாட்டாமல், குடிமக்கள் சிரிக்கிறார்கள்!"

"இப்ப அழலாமா?" என்று கேட்டார் நாட்டாமை.

"இப்ப அறுக்கணும்!" என்றார் தவசிலிங்கம்.

ஏணி எழுந்தது. நாலு பேர் திரையில் சாய்த்தார்கள். நாட்டாமை அரிவாளோடு ஏறினார். ஒரே வெளிச்சமாகக் கண் கூசியதில் கயிறு எதுவென்று தெரியவில்லை. கையில் பட்ட முதல் கயிற்றை ஒரே வெட்டாக வெட்டினார். அது திரையைக் கட்டியிருந்த கயிறு. திரை சரிந்தது. ஏணி மட்டும் பின்னால் இருந்த கொட்டகை மூங்கிலில் போய் முட்டி நின்றது. நாட்டாமை உச்சியில். மெஷினிலிருந்து வந்த வெளிச்சம் நேரே அவருடைய வெள்ளை வேட்டியில் விழுந்தது.

"ஐயையோ!" என்று ஊரே கத்தியது. செவந்தியப்பன் இப்போது நாட்டாமையின் இடுப்பில் தொங்கிக்கொண்டிருந்தார்.

"அசையாதீங்க நாட்டாமை! கயிறு இறுகிடும்!"

"பாரமே தெரியலையே!" என்றார் நாட்டாமை கண் கலங்கி. "உசிரு போயிட்டுதா?"

"இன்னும் இல்ல! கால் உதறுது! யாராவது காலைத் தாங்குங்க!"

இரண்டு பேர் கீழ்ப்படியில் ஏறி நாட்டாமையின் முழங்காலுக்கு நேரே உள்ளங்கையை ஏந்தி நின்றார்கள். முன்வரிசையில் செவந்தியப்பன் பொரிகடலைப் பொட்டலத்தை மடியில் கட்டிக்கொண்டு, துண்டை வாயில் வைத்து, தனக்காகத் தானே தேம்பித் தேம்பி அழுதார். "நல்ல மனுசன்" என்றார். "யாருக்கும் ஒரு கெடுதல் நினைச்சது இல்ல."

எல்லாரும் திரைப் பக்கம் ஓடியபோது சீனியம்மாள் ஒருத்திதான் எதிர்ப்பக்கம் ஓடினாள். வெளிச்சம் எங்கேயிருந்து வருகிறதோ அங்கேதானே அம்மன் வழி காட்டியிருப்பாள் என்று அவளுக்குத் தோன்றியது. மெஷின்காரர் வாயைத் திறந்து பார்த்தபடி, பழக்கத்தில் கை மட்டும் சுற்றிக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி! நீங்க சுத்துறதாலதானே அவர் சாகிறாரு?"

மெஷின்காரர் யோசித்துப் பார்த்தார். இதுவரை அவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. "அப்படியும் சொல்லலாம்" என்றார்.

"அப்ப, அந்தப் பக்கமாச் சுத்துங்க!"

கொட்டகை பிழைத்தால் போதும் என்றிருந்தது அவருக்கு. கைப்பிடியைத் திருப்பிச் சுற்றினார். அந்தப் பக்கம், சரிந்த திரையை நாலு பேர் கையால் தூக்கிப் பிடித்தார்கள்.

தொங்கிக்கொண்டிருந்த செவந்தியப்பன் சரசரவென்று மேலே வந்தார். கழுத்துக் கயிறு தானாக விலகியது. சேவகர்கள் கைக்கட்டை அவிழ்த்துவிட்டு, முதுகு காட்டாமல் மரியாதையாகப் பின்னால் நடந்து போனார்கள். கொட்டகையே கையைத் தட்டியது. கதை சொல்கிறவருக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை, "இதோ... வருகிறார்... அதாவது போகிறார்..." என்று சொல்லிப் பார்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

ஏழைகள் ஒவ்வொருவராகப் பின்னால் நடந்து வந்து நெல்லைச் செவந்தியப்பன் சாக்கில் கொட்டினார்கள். செவந்தியப்பன் மூட்டையைத் தூக்கிக்கொண்டு போய்க் களஞ்சியத்தில் வைத்தார். கதவைச் சாத்தினார்.

"பார்த்தீரா, வே!" என்றார் தவசிலிங்கம். "ஒரு மணி குறையாமத் திருப்பிக் கொடுத்துட்டான்! இனி எவன் இவனைத் தூக்குல போட முடியும்?"

"அம்மா, போதுமா?" என்றார் மெஷின்காரர். கை வலித்தது அவருக்கு.

உயிர் வந்தாயிற்று, குற்றமும் போயிற்று. போதும் என்றுதான் சீனியம்மாள் சொல்லியிருக்க வேண்டும். வாயும் திறந்துவிட்டாள். அந்த நேரம் பார்த்துத் திரையின் ஓரத்தில் பட்டணத்து நடிகை பவுடர் முகத்தோடு எட்டிப் பார்த்தாள்.

"இன்னும் கொஞ்சம் சுத்துங்க அண்ணாச்சி" என்றாள் சீனியம்மாள். "ஒரே ஒரு வேலை பாக்கி இருக்கு."

மெஷின்காரர் சுற்றினார். திரையில் செவந்தியப்பன் நடிகையின் கழுத்துக்குக் கையைக் கொண்டுபோனார். மூன்றாவது முடிச்சு அவிழ்ந்தது. இரண்டாவது அவிழ்ந்தது. முதல் முடிச்சும் அவிழ்ந்தது. தாலியைத் தட்டில் வைத்தார். மாலையைக் கழற்றிக் கொடுத்தார். எழுந்து பின்னாலேயே நடந்து கதவுக்கு அந்தப் பக்கம் போய்விட்டார். திரை வெள்ளையானது.

"இப்ப போதும் அண்ணாச்சி" என்றாள் சீனியம்மாள். ஆறு மாசத்தில் அன்றைக்குத்தான் அவளுக்கு முழுசாக மூச்சு வந்தது.

பூலாம்பாறைக்காரர்கள் வீட்டுக்கும் பின்னால்தான் நடந்து போனார்கள். முன்னால் நடந்தால் மறுபடி தூக்குமேடைக்குப் போய்விடுமோ என்று தவசிலிங்கம் பயந்தார். நாலு மைல். ஏணி மட்டும் எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே மாதிரி இருந்ததால் அதற்குச் சிரமம் இல்லை.

காலையில் சீனியம்மாள் வாசல் தெளித்துக்கொண்டிருந்தாள். நாட்டாமையும் தவசிலிங்கமும் வந்தார்கள். முகத்தில் சிரிப்பு இல்லை.

"தாயி, ஒரு சிக்கல்" என்றார் நாட்டாமை. "ராத்திரி பூரா யோசிச்சோம். உன் புருசனை எதுவரைக்கும் திருப்பிக் கொண்டு வந்தே?"

"உசிரு வர்ற வரைக்கும்."

"அதோட நிறுத்தலையே தாயி. ஊரே பார்த்துக்கிட்டு இருந்துதே" என்றார் தவசிலிங்கம் மெதுவாக. "அவனைக் கல்யாணத்துக்கு முந்தி வரைக்கும் கொண்டு வந்து விட்டுட்டே."

சீனியம்மாள் கையிலிருந்த செம்பு நழுவியது. உள்ளே பாயில் செவந்தியப்பன் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

"அப்படின்னா?"

"அப்படின்னா, உள்ள படுத்திருக்கிறது கல்யாணம் ஆகாத பையன்" என்றார் நாட்டாமை. "ஒரே வீட்டுல நீங்க ரெண்டு பேரும் இருந்தா ஊர் என்ன பேசும்?"

சீனியம்மாள் வெட்கத்தில் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். அன்றைக்கே செவந்தியப்பனை எழுப்பி நாட்டாமை வீட்டில் தங்க வைத்தார்கள். ஆவணியில் முதல் முகூர்த்தத்தில் பந்தல் போட்டு, பேச்சியம்மன் சன்னதியில், ஊர் முன்னிலையில், செவந்தியப்பன் சீனியம்மாளுக்குத் தாலி கட்டினார். மூன்றாவது முடிச்சை நாத்தனார்தான் போட்டாள். அந்த விஷயத்தில் சீனியம்மாள் கண்ணும் கருத்துமாக இருந்தாள். அன்று அவள் முகத்தில் இருந்த களையை முதல் கல்யாணத்தில்கூடப் பார்க்கவில்லை என்று ஊரில் பேசிக்கொண்டார்கள்.

பந்தலில் வாழைமரம் கட்டிக்கொண்டிருந்த கொழுந்துவேலைத் தவசிலிங்கம் அப்போதுதான் கவனித்தார்.

"இவன் எப்படி இங்க நிக்கலாம்?"

"ஏன் மாமா?" என்றான் கொழுந்துவேல்.

"இன்னைக்குத்தானே உங்க அம்மாவுக்குக் கல்யாணம்? அதுக்குள்ள மீசை வச்ச மகனா?"

நாட்டாமை பந்தலிலேயே கூட்டம் போட்டார். பேசி முடிவானது இதுதான்: கொழுந்துவேல் பத்து மாசம் அத்தை வீட்டில் இருக்க வேண்டியது. பத்தாம் மாசம் பிறந்த வீட்டுக்கு வரலாம். செண்பகம் அதற்கு நாலு வருஷம் கழித்து வர வேண்டியது. யாராவது நாளுக்கு முந்தி வந்தால் குறைப்பிரசவம் ஆகிவிடும், தாய்க்கு ஆகாது.

சொன்னபடி ஆனி மாசம் கொழுந்துவேல் வந்து சேர்ந்தான். மருத்துவச்சி வாசலில் காத்திருந்து உள்ளே கூட்டிப் போனாள். நாக்கில் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைத்தார்கள். காப்பு போட்டார்கள். தொட்டிலை ஏற்ற, கிணற்றில் தண்ணீர் இறைக்கிற கவலைக் கயிறு கொண்டுவந்து உத்தரத்தில் கட்டினார்கள். அப்பாவுக்கும் பிள்ளைக்கும் மீசை ஒரே மாதிரி இருப்பதாக வந்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள்.

செண்பகத்துக்குத்தான் பொறுக்கவில்லை. பக்கத்து ஊரிலிருந்து ஒரு கார்டு எழுதிப்போட்டாள்: "அம்மா, உன்னைப் பார்த்து ஒரு வருஷம் ஆகிறது. நான் எப்போது வரலாம்?"

சீனியம்மாள் தெரிந்த எழுத்தில், ஒவ்வொன்றாகக் கூட்டிப் பதில் எழுதினாள்:

"அன்பு மகளுக்கு, பேச்சியம்மன் துணை. நீ இன்னும் பிறக்கவில்லை, அவசரப்படாதே. உன் அண்ணன் இப்போதுதான் குப்புற விழுகிறான். நீ வர முடியாவிட்டாலும் உன் பிள்ளைகள் இரண்டு பேரையும் யாராவது வருகிறவர்களோடு அனுப்பி வை. அவர்களைப் பற்றிக் கூட்டத்தில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை."